முந்திரிப் பழமும் இரண்டு மீசைகளும்

சிதம்பரம் போகும் பேருந்து காடாம்புலியூரில் நின்று இருபது நிமிடம் ஆகிறது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை. ஓட்டுநருக்கும், அவருடைய மைத்துனரான நடத்துநருக்கும் ஒரு பந்தயம் முடிய வேண்டியிருக்கிறது.

ஓட்டுநர் சன்னல் வழியே வாங்கிய முந்திரிப் பழத்தைத் தூக்கிக் காட்டுகிறார். அடியில் கொட்டை தொங்குகிறது. "இது பழம், வெளிய தொங்குறது வெத."

"இல்ல மாமா, ரெண்டும் தனித்தனிப் பழம். ஒட்டிக்கினு காய்க்குது."

தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும். நான் தாவரவியல் ஆசிரியர் என்பதைச் சீட்டு வாங்கும்போது உளறியிருந்தேன். மொத்தப் பேருந்தும் என்னைப் பார்க்கிறது.

"கொட்டைதாங்க உண்மையான பழம். உள்ளே இருக்கிற பருப்புதான் விதை. நீங்க பழம்னு சொல்றது உப்பிப்போன காம்பு."

கீழே கூடையோடு நிற்கும் பழக்காரம்மா என்னை முறைக்கிறார். "அப்போ இத்தன வருசமா நான் காம்பையா வித்துக்கினு இருக்கேன்?"

"ஆமாம்மா."

இருவருமே தோற்றார்கள் என்று பயணிகள் தீர்ப்பளிக்கிறார்கள். எதிரே சலூன் திறந்திருக்கிறது. இருவரும் மறுபேச்சில்லாமல் இறங்கிப் போகிறார்கள். கால் மணி நேரம் கழித்து, மேலுதட்டைக் கையால் மூடியபடி திரும்புகிறார்கள்.

"மாமா, ஏன் மீசைய எடுத்தீங்கன்னு அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்கிறார் நடத்துநர்.

ஓட்டுநர் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்.

"மொதல்ல அவ அடையாளம் கண்டு கதவத் தொறக்கட்டும், மச்சான்."