எட்டு மாவுருண்டையும் ஒரு துஆவும்

சலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், சகோதரிகளே. கல்முனைப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நான் தாதி. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் ஒரே மாதத்தில் திருத்திவிடுவேன் என்ற நினைப்போடுதான் வந்தேன்.

பெண்கள் தங்கள் மார்பைத் தாங்களே பரிசோதித்து, கட்டி ஏதும் இருந்தால் நேரத்தோடு கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. முதல் புதன்கிழமை வகுப்பில் நான் பேசிய வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. பெண்களோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், நான் சுவரில் மாட்டிய மார்புப் படத்தின் மேல் யாரோ துப்பட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. என் உம்மாவின் தங்கை ரஹீமா சாச்சி, காலையில் ரொட்டி சுட்டு விற்பவர். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

“ஒரு பொம்புளக்கி நெஞ்சில கட்டியொண்டு இரிக்காம். நோவில்லையாம். அது என்னகா?”

“ஆரு சாச்சி அது?”

“நீ அறியமாட்டாய்.”

துருவிய தேங்காயை விட்டு அவர் தலை நிமிரவில்லை. அது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிளினிக்குக்கு வரச் சொன்னேன். “மகள்ட கலியாணம் முடியட்டும். அதுக்குள்ள கட்டி கிட்டியெண்டு கதை போனா மாப்பிள்ள வீட்டார் என்ன சொல்லுவாங்க?” என்று என் வாயை அடைத்துவிட்டார். யாரோ ஒரு பொம்புளையின் நோய்க்கு ஏன் தன் மகளின் கலியாணம் முடிய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

நான் துஆவில் இறங்கினேன். யா அல்லாஹ், சாச்சியைப் புதன்கிழமை கொண்டு வா. பத்து மணிக்கு முன்னர் என்றால் நல்லது, கூட்டம் குறைவு. பெண் டொக்டர் அன்றைக்கு லீவு போடக் கூடாது. சாச்சி என் வகுப்பைக் கேட்டுக் கண்கலங்க வேண்டும். இப்படி அல்லாஹ்வுக்கே நேரசூசி போட்டுக் கொடுத்தேன். வாரங்கள் போயின. சாச்சி வரவில்லை. ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கை ஏந்தினேன். வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. “எனக்கு வழி தெரியல்ல. நீயே பார்த்துக்கொள்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் படத்தைக் கைவிட்டேன். எட்டு மாவுருண்டை செய்து, ஐந்தில் பயறு, கடலை, புளியங்கொட்டை என்று ஒளித்து வைத்து, பெண்களைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்வதென்று தீர்மானித்தேன். நான் குழைத்த மா கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகவே தேங்காய் போடாமல் மா குழைத்துத் தரும்படி சாச்சியிடம் கேட்டேன். தந்திரம் என்று நினைக்காதீர்கள். என் தந்திரமெல்லாம் ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது.

“தேங்காப்பூ போடாம என்ன ரொட்டிகா?” என்று முறைத்தாலும், புதன் காலை மாவைக் கிளினிக்கின் பின்வாசலுக்கே கொண்டு வந்து தந்தார். நான் தேநீர் அறையில் உருண்டைகளைச் செய்து, விதைகளை ஒளித்து, தட்டில் வைத்துவிட்டுப் பெண்களைக் கூப்பிடப் போனேன். சாச்சி போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

கூப்பிட்டுக்கொண்டு வரும்போது ரொட்டி வாசம் அடித்தது.

சாச்சி தேநீர் அறை அடுப்படியில் நின்றார். ஏழு ரொட்டி வெந்துவிட்டது. “வகுப்புக்கு வாற பொம்புளயள வெறும் வயித்தோடயா அனுப்புவாய்?” என்றார். பிறகு ஒரு சிறிய கோப்பையை என் முன்னால் நீட்டினார். “நான் தந்த நல்ல மாவப் பாத்து உருட்டத் தெரியாதா ஒனக்கு? பயறு கெடக்கு, கடல கெடக்கு, புளியங்கொட்ட கெடக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டன்.”

எண்ணிப் பார்த்தேன். ஐந்து. உருண்டையின் அடியில் நான் ஒளித்த ஒற்றைப் பயறும் அதிலிருந்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சாச்சியையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், பெண்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் கற்றுக்கொடுக்க வந்த வேலையை இவர் படிக்காமலே செய்துவிட்டார் என்றேன். கூடம் சிரித்தது. “எப்படிக் கண்டீங்க ரஹீமா ராத்தா?” என்று ஒருத்தி கேட்க, சாச்சி சுடாத கடைசி உருண்டையை எடுத்தார். நான் அதில் ஒரு புளியங்கொட்டையைத் திரும்பப் புதைத்துக் கொடுத்தேன்.

“நுனியால குத்தாதகா. மூணு விரலயும் படுக்க வை. சின்னச் சின்ன வட்டமாத் தடவு. முதல்ல மெதுவா, மறுகா அழுத்தி. ஓரத்தையும் விட்டுராத.”

என் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது இதுதான். அக்குளையும் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். அப்போது சாச்சியின் விரல்கள் நின்றுவிட்டன. என் கையைப் பிடித்துத் தேநீர் அறைக்கு இழுத்துப்போனார்.

“அண்டைக்குச் சொன்னேனே ஒரு பொம்புள. அது நான்தான்.”

“தெரியும் சாச்சி.”

“மாவுக்குள்ள கெடந்தத ஒரு நிமிசம் விடல்ல, எடுத்து எறிஞ்சிட்டன். எனக்குள்ள கெடக்கிறத நாலு மாசமா வெச்சிக்கிட்டு இரிக்கன்.” கண்ணைத் துடைத்தார். “பொம்புள டொக்டர் இரிக்காவா?”

இருந்தார். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. சாச்சியுடையது புற்றுநோய்தான். ஆனால் சிறியது, பரவவில்லை. சத்திரசிகிச்சை நடந்தது, மருந்தும் ஏற்றினார்கள். முடி கொட்டியபோது, “முக்காட்டுக்குள்ள ஆருக்குத் தெரியும், எண்ணெய்க் காசு மிச்சம்” என்றார். மாப்பிள்ளையின் உம்மாவிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிசி, “எனக்கும் ஒருக்கா அந்த மாவக் காட்டுங்க” என்றாராம். கலியாணம் ஒரு மாதம் பிந்தி நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், சாச்சி மீண்டும் ரொட்டி சுடுகிறார்.

புதன்கிழமை வகுப்பு இப்போது சாச்சியுடையது. மாதவிடாய் முடிந்து குளித்துத் தொழத் தொடங்கிய சில நாட்களுக்குள் பார்க்கச் சொல்கிறார். மாதவிடாய் நின்றவர்களுக்கு மாதந்தோறும் பிறை கண்ட மறுநாள். புதிதாக ஏதும் தட்டுப்பட்டால் உடனே கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும், கலியாணத்தைக் காரணம் காட்டக் கூடாது. நான் மாவுக்குள் விதை ஒளிக்கும் உதவியாளர்.

நேரசூசி போடுவதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் கேளுங்கள், சகோதரிகளே, வழியை அவனிடம் விட்டுக் கேளுங்கள். வகுப்பு முடியும்போது சாச்சி சொல்வதையே நானும் சொல்லி முடிக்கிறேன்:

“துஆக் கேட்டுக் கைய மொகத்தில தடவுறோம்தானே. மாசத்தில ஒருநாள் அந்தக் கைய அதோட நிப்பாட்டாதீங்க.”