வீட்டாள் ஒருவர் குடித்தாக வேண்டும்

குரோஷியா நாட்டில் கடலோரமாக ஸ்பிளிட் என்றொரு நகரம் இருப்பது, அந்தக் காலத்து விருத்தாசலத்தில் எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எங்களுக்குத் தெரிந்ததற்குக் காரணம் மாமா. அம்மாவின் அண்ணனான அவர் கப்பலில் ஃபிட்டராக இருந்தார். அந்தக் கப்பலின் சீஃப் என்ஜினியருக்கு ஸ்பிளிட்தான் சொந்த ஊர். ஒருமுறை கப்பல் அந்தப் பக்கம் ரிப்பேருக்கு நின்றபோது, சீஃப் மாமாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் நாள்கணக்கில் வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். அன்றிலிருந்து மாமா லீவில் வந்தாலே அந்த ஊர்க்கதையை அளக்க ஆரம்பித்துவிடுவார்.

அங்கே கடலைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை டம்ளர் காபியை இரண்டு மணி நேரம் குடிப்பார்களாம். நம்ம பாலக்கரை டீக்கடையில் அப்படி உட்கார்ந்தால் மேலேயே தண்ணீரை ஊற்றிப் பெஞ்சைக் கழுவுவான் என்பார் அப்பா. கணவாய் மீனின் மையை ஊற்றிச் சோறு ஆக்குவார்களாம். சோறு கரியாக இருக்கும், தின்றவர் பல்லும் கரியாகிவிடும். வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு வாசலிலேயே வேறு செருப்பு கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். எல்லாவற்றையும்விட அவர்கள் பயப்படுவது காற்றுக்குத்தானாம். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்து, நடுவில் ஓடுகிற காற்று மேலே பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும் என்று ஓடிப்போய் ஒன்றைச் சாத்துவார்களாம். நான் வாயைப் பிளந்து கேட்பேன். பேய்க்குப் பயப்படாமல் காற்றுக்குப் பயப்படுகிற ஊர் ஒன்று உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த சீஃப்தான் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கப்பல் சென்னைக்கு வந்திருந்தது. மாமா ஒருநாள் முன்னாலேயே வந்து, அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். கீரையையும் உருளைக்கிழங்கையும் பூண்டு போட்டு வேகவைத்து, தாளிக்காமல், மிளகாய் காட்டாமல் மேலே எண்ணெயை மட்டும் ஊற்ற வேண்டும். மஞ்சள்காமாலைக்காரனுக்குப் போடுகிற சாப்பாட்டை விருந்தாளிக்கு எப்படிப் போடுவது என்று அம்மா நொந்துகொண்டாள். மீனையும் மசாலா இல்லாமல் சுட வேண்டும் என்றதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கடைசியாக மாமா ஒன்று சொன்னார். சீஃப்பின் அப்பா வீட்டிலேயே காய்ச்சிய சரக்கில் ஒரு புட்டி வருகிறது. அவர்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அதில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

"வூட்டாளு ஒருத்தராவது அவுரு கண்ணப் பாத்துக் குடிச்சாகணும். மூஞ்சத் திருப்பிக்கிட்டாலோ, வேணாம்னாலோ, ஏண்டா வந்தன்னு கேட்ட மாதிரி. நம்ம மாப்ளைக்கு அதெல்லாம் சொல்லணுமா என்ன?" என்று மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் கடலில் இருந்த காலத்தில் அப்பா மொடாக்குடியராகிவிட்டிருந்தார். அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு ஏற்றுகிற வேலை பார்த்தார். சம்பளம் கையில் வந்தால் சாராயக்கடைக்குப் போகாமல் வீடு திரும்ப மாட்டார். அவர் வரும்போது சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் நான் தொடர்ந்து படிப்பேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து சரிகிற சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அம்மாவால் அப்படிப் போக முடியாது. ஒருநாள் பகலிலேயே குடித்துவிட்டுப் போய், சுடுவதற்காகப் பலகையில் காயவைத்திருந்த பொம்மைகள் மேல் விழுந்து, பலகை பலகையாக நசுக்கிவிட்டார். வேலை போனது.

அதற்குப் பிறகுதான் அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். எங்கள் பக்கத்தில் போலீஸுக்குப் போக முடியாத வழக்கையெல்லாம் அந்த முருகனிடம்தான் எழுதிக் கொடுப்பார்கள். இன்னார் எனக்கு இன்ன கொடுமை செய்கிறார், விசாரித்துத் தீர்ப்புச் சொல்லு என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தால், சாமி பார்த்துக்கொள்ளும். புருஷன் பெயரையே எழுதிக் கட்டிவிட்டேன் என்று அம்மா வந்து சொன்னபோது அப்பா வெலவெலத்துப் போனார். அன்றோடு குடியை விட்டார். கம்பெனியிலும் பாவம் பார்த்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணன் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது, அவர் மாப்பிள்ளை என்று வைத்திருக்கிற மரியாதை கெட்டுவிடும் என்று அம்மா என்னிடம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பிராது கட்டியபின் தப்புச் செய்தவர்களுக்கு என்ன ஆகும் என்பது பற்றி என் வகுப்பில் பல கதைகள் உலவின. ஒருவருக்குக் கை விளங்காமல் போனது. ஒருவர் லாரியில் அடிபட்டார். எனவே சீஃப் கண்ணைப் பார்த்து அப்பா குடித்தால் ஒன்று அப்பா பழையபடி ஆகிவிடுவார், அல்லது செத்துப்போவார். இரண்டில் எது நடந்தாலும் என்ன செய்வது என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் பகல் சீஃப் வந்தார். வாசல்நிலையில் தலை இடிக்கிற உயரம், சிவந்த முகம், முழங்கை வரை பொன்னிறமாக மயிர். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்க அவர் தயங்கியதும், மாமா ஓடிப்போய் அப்பாவின் புது ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். நடுவீட்டில் ஒருவர் செருப்புக் காலோடு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கத்திரி வெயிலில் வாசலிலிருந்து கொல்லைக்குக் கொஞ்சம் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு கொல்லைக்கதவைக் காட்டி ஏதோ சொன்னார். மாமா அதைச் சாத்தினார். எல்லோரும் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தோம்.

சீஃப் பையிலிருந்து முதலில் காய்ந்த அத்திப்பழ மாலை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அடுத்து எடுத்தது அந்தப் புட்டி. இளம்பச்சை நிறத்தில், உள்ளே ஏதோ செடியின் கிளை குச்சியோடு நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்து அலமாரியில் பாட்டிலுக்குள் இருக்கிற பாம்புதான் ஞாபகத்துக்கு வந்தது. மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் சோம்பு வாசனை.

எவர்சில்வர் டம்ளரெல்லாம் இதற்குப் பெரியது என்ற மாமா, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னுடைய சொப்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கம்பெனியில் அப்பா எனக்காகக் கேட்டு வாங்கிவந்த பீங்கான் சொப்பு அது. அதிலிருந்த டீ கப் மூன்றை மாமா துடைத்து வரிசையாக வைத்தார். நான் பொம்மைக்குத் தண்ணீர் டீ ஊற்றிக் கொடுக்கிற கப்பில் சீஃப் சரக்கை ஊற்றினார். ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, ஒன்றை மாமாவிடம் கொடுத்து, மூன்றாவதை அப்பாவிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம் மச்சான். வயிறு சரியில்ல," என்றார் அப்பா.

அவர்கள் ஊரில் வயிற்றுவலிக்கே இதைத்தான் கொடுப்பார்கள் என்று மாமா சொன்னார். அப்பா வேறு சாக்குத் தேடுவது எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை என்றார். அது சீஃப்புக்குத் தெரியாது என்றார் மாமா. சீஃப் கையை நீட்டியபடியே அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. மாமா குரலைத் தாழ்த்தி, "மானத்த வாங்காதீங்க மாப்ள. அவுரு வூட்டுச் சோத்தத் தின்னவன் நானு," என்றார்.

அப்பாவின் கை எழுந்தது. மச்சானின் மானத்துக்காக எழுந்ததா, ஆசையில் எழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் செய்துகொடுத்த சத்தியம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. கொளஞ்சியப்பா, பார்க்காதே, கண்ணை மூடிக்கொள் என்று சாமியிடம்தான் கெஞ்சினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் கீரைக் கரண்டி. அதைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சீஃப் நீட்டிய கப்பை அவளே வாங்கிக்கொண்டாள்.

"வூட்டாளு ஒருத்தருன்னுதான சொன்னீங்க? நானும் இந்த வூட்டாளுதான் அண்ணே."

அம்மா அந்நிய ஆண்பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்று அந்த நெடிய மனிதரை அண்ணாந்து, கண்ணுக்குக் கண் நேராகப் பார்த்து, கப்பைக் கவிழ்த்துக் குடித்தாள். முகம் கோணி, கண்ணில் தண்ணீர் கொட்டியது; பார்வையை மட்டும் எடுக்கவில்லை. சீஃப் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். தங்கள் பாஷையில் எல்லோரும் வாழ்வோம் என்கிற வார்த்தையைச் சொல்லித் தானும் குடித்தார். பெண்கள் குடிப்பது அவர் ஊரில் ஒரு அதிசயமே இல்லையாம். அதிசயப்பட்டு நின்றது மாமாதான். அவர் கையில் இருந்ததை அவர் குடிக்கவே மறந்துபோனார். மறுபடி ஊற்றப் புட்டி சாய்ந்தபோது, அம்மா கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள்.

என் பயம் இப்போது இரண்டாகிவிட்டது. குடித்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் இனி அப்படித்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவள் பரிமாற அருகில் வந்தபோதெல்லாம் சுவரோடு ஒண்டினேன். பிராது கட்டியவளே குடித்துவிட்டாளே, சாமி இனி யாரை விசாரிக்கும் என்ற குழப்பம் வேறு. அம்மா கத்தவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. சீஃப் மசாலா இல்லாத மீனையும் கீரையையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மாமா அவரை ரயிலேற்றக் கூட்டிப்போனார். புட்டியை சீஃப் அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அம்மா அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையில் கொட்டினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். எரியுது என்று மட்டும் சொன்னாள்.

அப்பா சைக்கிளை எடுத்தார். நானும் வருவேன் என்று கேரியரைப் பிடித்துத் தொங்கினேன். திட்டுவார் என்று நினைத்தேன், தூக்கி உட்காரவைத்தார். கடைக்குத் திரும்புகிற சந்து வருகிற வரை அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சந்து முனையில் களிமண் லாரி ஒன்று நின்றதால் அவர் காலை ஊன்றி நின்றார். அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். லாரி நகர்ந்தது. சைக்கிள் நேராகப் போய் பாலக்கரையில் இளநீர்க்காரரிடம் நின்றது.

அம்மா கல்லில் உட்கார்ந்தபடியே இளநீரைக் குடித்தாள். அப்பா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அவள் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா காலியான இளநீரை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அப்பா ஒருநாளும் குடித்ததில்லை. நான்தான் வருடக்கணக்கில் அவருடைய சட்டையை மோந்துகொண்டு திரிந்தேன். கையெட்டும் தூரத்தில் வந்த ஒரு வாய்ச் சரக்கு கிடைக்காமல் போன ஏக்கத்தில்தான் அன்று அவர் அப்படி அழுதார் என்று அவ்வளவு வருடமும் நம்பியிருந்தேன்.