அகலம், பலகை நீங்கலாக

திருத்தணி ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கிய அந்த இரண்டு டிரங்குப் பெட்டிகள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. பச்சைப் பெயின்ட் அடித்து, மூலைக்கு மூலை பித்தளைத் தகடு வைத்த பெட்டிகள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை பாதி காலியாகிக்கொண்டிருந்த கோடைக்காலம். துறைமுக வேலைகளைப் பார்த்துவந்த ஓர் இலாகா தன் படம் வரையும் பிரிவை மட்டும் மூட்டை கட்டி, மலையடிவாரத்தில் யாத்ரீகர்கள் தங்கும் ஒரு சத்திரத்துக்கு அனுப்பியது. மேஜைகள், நீளமான வரைபட அலமாரிகள், ஏழெட்டு ஆட்கள், கூடவே இந்தப் பெட்டிகள். சமையலுக்குப் பாத்திரம் வந்திருக்கிறது என்று நினைத்துத் திறந்தோம். உள்ளே எல்லாம் புத்தகம்.

கடலையே பார்த்திராத ஊரில் வந்து இறங்கியவை கப்பல் கட்டும் புத்தகங்கள். இங்கிலாந்தில் பல தலைமுறைகளுக்கு முன்னால் கப்பல் தச்சர்களே எழுதியவை. சில அச்சானவை, சில கையால் படியெடுத்தவை. எவனோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆசையாகச் சேர்த்து, ஓய்வு பெற்றுப் போகும்போது ஆபீசிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பு பாவாவின் தலையில் விழுந்தது. பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அந்தப் பிரிவில் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். திருவாலங்காட்டுப் பக்கம் நைனாவோடு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கூப்பிட்டு டிரேசர் வேலையில் உட்காரவைத்தவரும் அவர்தான். பென்சிலால் போட்ட படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, மையால் அப்படியே நகல் எடுப்பது டிரேசரின் வேலை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

முதல் இரண்டு மாதம் வேலையே இல்லை. மற்றவர்கள் சீட்டாடினார்கள். பாவா அந்தப் புத்தகங்களைப் படித்தார். ஈரம் பட்டுவிடக் கூடாதென்று வெயிலில் காயவைக்க வெளியே எடுத்தவர், காயவைத்த இடத்திலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அக்கா கேலி செய்வாள். சாப்பிடும்போதும் அந்தத் தச்சர்களைப் பற்றியே பேச்சு. கோடாலி பிடித்த கையால் பேனா பிடித்தவர்கள் அவர்கள். அதற்கு முன்னால் அந்தத் தொழிலின் அளவுகளெல்லாம் அப்பன் மகனுக்குக் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனவை. அவற்றை முதலில் காகிதத்தில் எழுதியவனைச் சொந்தத் தொழிற்காரர்களே திட்டினார்களாம். அதனால் எழுதினவன் ஒவ்வொருவனும் எதையாவது ஒன்றை ஒளித்தே எழுதியிருக்கிறான் என்பது பாவாவின் கட்சி.

"நீளம் சொல்றான், அகலம் சொல்றான், வளைவுக்குக் காம்பஸ எங்க வைக்கணும்னு சொல்லிகினே வர்றான். ஒரு எடம் வந்தா மட்டும் வாய மூடிக்கினான் பாரு மச்சான்" என்று சிரிப்பார்.

அவர்களில் ஒருவன் மேல் பாவாவுக்குத் தனிக் கோபம். கப்பலின் அளவு தப்பு என்று அவன்மீது புகார் வந்து, ராஜாவே நேரில் வந்து அளந்து பார்க்கும்படி ஆகிவிட்டதாம். அவன் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தான். தான் செய்ததெல்லாம் சரி, தப்பெல்லாம் பொறாமைக்காரர்களுடையது என்று. "இவ்ளோ எழுதறவன் மேல எனக்கு நம்பிக்கையே வர்ல" என்பார் பாவா. எனக்கு அதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போகும்.

ஆனி முடிகிற சமயத்தில் வேலை வந்தது. யுத்தத்தில் இரும்பு கிடைக்கவில்லை. கப்பலிலிருந்து கரைக்குச் சாமான் ஏற்றிவர மரப் படகுகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால், பழைய முறைகளைப் பார்த்து ஒரு படம் போட்டு அனுப்பு, கடற்கரையில் கட்டிக்கொள்கிறோம் என்று உத்தரவு. பாவாவுக்குக் கல்யாணம் வந்த மாதிரி இருந்தது. நாற்பதடிப் படகு, பத்தடி அகலம். மூன்று புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு மூன்று வாரம் பென்சிலால் போட்டார்.

அந்த வேலையில்தான் தச்சர்கள் ஒளித்த விஷயம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. படகுக்கு முதலில் விலா எலும்பு மாதிரி மரச் சட்டங்களை நிறுத்துவார்கள். அதற்கு வெளிப்பக்கம் பலகை அறைவார்கள். புத்தகத்தில் பத்தடி அகலம் என்று போட்டிருந்தால் அது சட்டத்துக்குச் சட்டம் அளந்த அகலம். பலகை அதற்கு மேல். இதை எந்தத் தச்சனும் எழுதவில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் ஓர் அத்தியாயத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தான். நம் கடற்கரை ஆசாரிகளோ கட்டி முடித்த படகின்மேல் கயிறு போட்டு அளப்பவர்கள். அவர்கள் கணக்கில் அகலம் என்றால் பலகையும் சேர்ந்தது. பலகை இரண்டு அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்தால் நான்கு அங்குலம் குறைந்துபோகும். மேலே மூட்டை அடுக்கினால் படகு சாயும்.

பாவா தன் பென்சில் படத்தின் அடியில் கட்டம் கட்டி எழுதினார்: "அகலங்கள் எல்லாம் பலகை நீங்கலாக." இங்கிலீஷில்தான் எழுதினார். எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இந்த ஒரு வரி இல்லன்னா மீதிப் படம் அத்தனையும் வேஸ்ட்டு" என்றார்.

நான் நகல் எடுத்தேன். கோடுகள் முடிந்தன, எண்கள் முடிந்தன. குறிப்புகளை எப்போதும் கடைசியில், மை காய்ந்த பிறகு எழுதுவது எங்கள் பழக்கம். அன்றைக்கு ஆடிப் பரணி, மறுநாள் கிருத்திகை. அக்காவுக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று பாவா காவடி நேர்ந்திருந்தார். ஊர் முழுக்க மஞ்சள் துணியும் அரோகராவும். கிளம்புகிற அவசரத்தில் என் மேஜைக்கு வந்தார். பென்சில் படத்தோடு நகலை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. கோடுகளைப் பார்த்தார், எண்களைப் பார்த்தார்.

"நோட்டு மட்டும்தான பாக்கி? நீ எழுதிட மாட்டியா?" என்றார்.

"ஆங் பாவா, எழுதிடறேங்க" என்றேன்.

நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மலைக்குப் போனார். வேறு யாருக்கும் அப்படிப் போட்டிருக்க மாட்டார். மச்சான் என்பதால் போட்டார். மை காயட்டும் என்று நானும் வெளியே வந்து நின்றேன். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள் பம்பையும் உடுக்கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தபோது மேஜைமேல் நகல் இல்லை. கையெழுத்து இருந்தால் வேலை முடிந்தது என்று பியூனுக்குத் தெரியும். சுருட்டிக் குழாயில் போட்டு அரக்கோணம் கொண்டுபோய் ரயில் ஏற்றிவிட்டான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு தந்தி போதும். நான் சொல்லவில்லை. பாவா திட்டுவார் என்ற பயம் பாதி. மீதிப் பாதி, படகு கட்டுகிறவனுக்குத் தெரியாதா என்ற அலட்சியம். தெரிந்தவனுக்குத் தெரியும் என்று அந்தத் தச்சர்கள் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன். அவர்களுக்காவது தொழில் தெரியும். எனக்குக் கோடு போட மட்டும்தான் தெரியும்.

மாசியில் முதல் படகை வெள்ளோட்டம் விட்டார்கள். மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு பெரிய அலையில் சாய்ந்தது, நிமிரவில்லை. ஐந்து பேர் நீந்திக் கரையேறினார்கள். ஒருவர் ஏறவில்லை.

கடிதத்தோடு நான் எடுத்த அந்த நகலும் திரும்பி வந்தது. பாவா அதை எடுத்து விரித்தார். அடியில் கட்டம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்தார். மறுபடியும் அந்தப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அகலம் குறைந்த கப்பலை அந்தக் காலத்தில் எப்படிச் சரிசெய்தார்கள் என்று தேடினார். இடுப்பில் கச்சை கட்டுவதுபோல, தண்ணீர் மட்டத்தில் வெளிப்பக்கம் சுற்றிலும் கனமான பலகை சேர்த்து அறைந்திருக்கிறார்கள். பாதி கட்டிய மற்ற படகுகளுக்காக அதைப் படமாகப் போட்டார். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் ஒரு வேலையாக அவர் அறைக்குப் போனேன். மேஜையில் அந்தப் பழைய பென்சில் படம் விரித்திருந்தது. குறிப்பை அவர் எழுதியிருந்தார், நான்தான் விட்டேன் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. பாவா ரப்பரால் அதை அழித்துக்கொண்டிருந்தார். பதற்றமில்லாமல், ஒரு மூலையிலிருந்து வரிசையாக. கட்டம் கட்டிய வரி ஏற்கெனவே போயிருந்தது. யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காததால் பழைய படத்தை அழித்து அதன்மேல் புதிதாகப் போடுவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அவர் போட வேண்டிய புதுப் படம் எதுவும் இல்லை.

"பேப்பர் சும்மா கெடக்குது மச்சான். வேற எதுக்காவது ஆவும்" என்றார், நிமிராமல்.

நின்று பார்த்தேன். ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நான் திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்துகொண்டேன்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி தமிழர்தான், நல்ல மனிதர். அவருக்குச் சந்தேகம் இருந்தது. "பென்சில் ஷீட் எங்கய்யா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அழிச்சிட்டேங்க. பேப்பர் பஞ்சம்."

"நோட்டை எழுதாம விட்டது யார்? டிரேசரா?"

"டிரேசருக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. பாத்து அனுப்ப வேண்டியது நானு. கையெழுத்து என்னுது."

பாவாவை விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அளவு தப்பின அந்த இங்கிலீஷ்காரத் தச்சன் பக்கம் பக்கமாக எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். பாவா மூன்று வரி எழுதினார். கொடுத்துவிட்டு, செத்துப்போனவரின் பெயர் என்ன என்று கேட்டார். அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். படகோட்டி ஒருவர் என்றுதான் போட்டிருந்தது. பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பாவாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இடுப்புக்கச்சைப் படத்தை நான்தான் நகல் எடுத்தேன். அதில் கையெழுத்துப் போட அவர் இல்லாததால் என்னையே போடச் சொன்னார்கள். மற்ற படகுகள் நன்றாக மிதந்தன. நல்ல வேலை என்று என் பெயருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. யுத்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பினேன். படிப்படியாக ஏறி, பாவா உட்கார்ந்திருந்த அதே தலைமை நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றேன். அவர் அரக்கோணத்தில் ஒரு மரக்கடையில் கட்டைகளுக்கு அளவு குறிக்கும் வேலைக்குப் போனார். அந்த ஊரிலேயே காலம் தள்ளினார்.

என்னால் இன்றும் தாங்க முடியாதது அதுகூட இல்லை. வேலை போன அன்று அக்கா சோறு போட்டுக்கொண்டே அவரைக் கேட்டாள்: "ஒரு உசுரு போச்சே. ஒரு வரி எழுத அப்படி இன்னா சோம்பேறித்தனம் உங்களுக்கு?" நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். பாவா என் பக்கம் திரும்பவே இல்லை. மோரை ஊற்றிப் பிசைந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம், பண்டிகை என்று போனாலும் துக்கம் என்று போனாலும், ஏதோ ஒரு பேச்சில் அவள் அந்தப் படகை இழுத்துவிடுவாள். தனக்குக் குழந்தை தங்காமலே போனதும் அந்தப் பாவத்தால்தான் என்று அவர் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொன்னாள். அப்போதும் நான் அங்கே இருந்தேன். என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றும். பிறகு ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குவேன்.

பாவா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அக்காவுக்கு இப்போது எண்பதுக்கு மேல். பார்வை மங்கிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. போன மாதம் அரக்கோணம் போய் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பரணி நாள், காயாத மை, ரப்பர், எல்லாவற்றையும். முடிகிறவரை கேட்டாள்.

"அவுரு இருக்கச்சொல்லோ வந்து சொல்லக் கூடாதாடா?" என்றாள். "நான் பேசினதையெல்லாம் கேட்டுகினே போய்ட்டாரேடா அந்த மனுசன்."

நான் காலைத் தொடப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் யாரையும் போ என்று சொல்லி அனுப்புவதில்லை. சண்டைக்காரனைக்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வோம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வரேங்க்கா என்று வாசலில் வெகுநேரம் நின்றேன்.

"போ" என்றாள் அக்கா.