போர்வைக்குள் படித்த மூன்று புத்தகங்கள்

காட்டிலோ பனியிலோ தனியாக மாட்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர்களின் கதை வேண்டும் என்று யாராவது ஆலங்குடியில் எங்கள் நூலகத்துக்கு வந்தால், நூலகர் அம்மா என்னைக் கைகாட்டி விடுகிறார். அந்தத் தையல்காரம்மாவைக் கேளுங்கள், கரைத்துக் குடித்தவர் என்பாராம். நானும் சளைக்காமல் மூன்று புத்தகம் சொல்வேன். எதற்காகப் படித்தேன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போன இரண்டாவது வருஷம் அவரைப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலை பாதியில் நின்றுபோக, அங்கே கிடந்த இயந்திரங்களுக்கு இவர் ஒருவர்தான் காவல். ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஜெனரேட்டர், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மட்டும் தண்ணீர் லாரி இரண்டு நடை வரும். முதல் நடையில் ஏறி ரோட்டுக்குப் போனால்தான் போனில் டவர் கிடைக்கும். வாரம் முழுக்க நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அங்கே இறக்கிக்கொண்டு, தன்னுடையதை அனுப்பிவிட்டு, அடுத்த நடையில் கொட்டகைக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் போகிறேன் என்பதைப்போலச் சொன்னார்: "லாரிக்குக் காத்துக் கெடக்க முடியல புள்ள. ஒரு நாளைக்கு நடந்தே ரோட்டுக்குப் போயிரலாம்னு பாக்குறேன்."

லாரியிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொன்னவர் அவர்தான். அந்த வெயிலில் நடந்தால் ஆளே மிஞ்ச மாட்டார். நான் கோபக்காரி, எனக்கு அழுகைக்கு முன்னால் திட்டுதான் வரும். திட்டியே ஒரு மெசேஜ் அனுப்பினேன். அடுத்த வாரம் முழுக்க அவருக்குத் துணை இந்தத் திட்டுதான் என்று அப்புறம்தான் உறைத்தது. அவர் கேட்பதற்குள் அழித்துவிட்டு, மறுநாள் நூலகத்துக்குப் போனேன்.

நூலகர் அம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் மூன்று பெயரை எழுதித் தந்தார். முதலாவது, பனிக்காட்டில் வழி தவறிய மரவெட்டி ஒருவனின் கதை. ஆரம்பத்தில் இழுவைதான், தன் தோல் பெல்ட்டை வேகவைத்துத் தின்கிற இடத்திலிருந்து கீழே வைக்க முடியாது. இரண்டாவது, வெள்ளம் அடித்துக்கொண்டுபோய்க் காட்டில் ஒதுக்கிய ஒரு பெண்ணின் கதை. மனசு சரியில்லாதவர்களுக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன், அவள் எறும்போடு கூடச் சண்டை போடுவாள். மூன்றாவது, பாலைவனத்தில் லாரி பழுதாகி நின்ற இரண்டு பேரின் கதை. மூன்று புத்தகமும் கடைசியில் ஒன்றைத்தான் சொல்கின்றன. இருக்கிற இடத்தை விட்டு நகராதே, தேடி வருவார்கள்.

அதை அவர் மண்டையில் ஏற்ற வேண்டும். தினமும் மத்தியானம் தையல் மிஷினை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் அணைத்து, போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு போனில் படித்துப் பதிவு செய்தேன். ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பிவிடக் கூடாது. வேர்த்து ஊற்றும். லாரியை விட்டு நடந்துபோனவன் செத்துப்போகிற பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

அவர் கிண்டல் பண்ணுவார். கள்ளியைப் பிழிந்து குடிக்கலாம் என்று படித்தால், இங்கே கள்ளிக்கு எங்கே போக, அது நம் கொல்லையில்தானே கிடக்கிறது என்பார். ஆனால் முடிக்கும்போது, நடந்துவிடலாம் என்றுதான் இருக்கிறது என்ற அந்தப் பேச்சு வந்துவிடும்.

ஆடி பிறந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கரை எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். போர்வையாவது ஒன்றாவது, பாட்டு காதைப் பிளந்தது. மைக் செட் அண்ணனிடம் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அதைக் கம்மாய்ப் பக்கம் திருப்பிவிட்டார். ஜெயித்துவிட்ட தெம்பில் அன்றைக்கு இரண்டு அத்தியாயம் படித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த மெசேஜ் இது: "நல்லாத்தான் படிக்கிற. ஆனா பின்னாடி ஒண்ணுமே கேக்கலையே. ஆடி மாசம்ல, மைக் செட்டு போடலையா? ஒன் மிசினு சத்தங்கூட இல்ல. இங்கயும் ஒண்ணும் கேக்காது. நீ படிச்சு நிறுத்துனா ரெண்டும் ஒண்ணாயிருது. நான் புஸ்தகத்துக்காகக் கேக்கல புள்ள. பின்னாடி வீடு கேக்குமான்னுதான் கேக்குறேன்."

இரண்டு மாசமாக அவர் ஏங்கிய அத்தனையையும் நானே கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. நேராகக் கோயிலுக்குப் போனேன்.

"அண்ணே, அந்த ஸ்பீக்கரை இங்கிட்டே திருப்பிருங்க."

"ஏத்தா, ஒனக்கு என்னதான் வேணும்? நீதானே அங்கிட்டுத் திருப்பச் சொன்ன."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார்.

கதவு ஜன்னலையெல்லாம் திறந்து, போனில் பதிவை ஓடவிட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு என் பாட்டுக்கு வேலை பார்த்தேன். மிஷின் ஓடியது. குக்கர் கத்தியது. மீன்காரர் வந்தார், பேரம் பேசினேன். கோழி அடுப்படிக்குள் நுழைந்தது, திட்டி விரட்டினேன். இத்தனைக்கும் மேலே அம்மன் பாட்டு. புத்தகத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அதை அப்படியே அவருக்கு அனுப்பினேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து "வந்துருச்சு" என்று ஒரே வார்த்தை வந்தது. அதற்கடுத்த வெள்ளி ஒன்றுமே வரவில்லை. நடந்துவிட்டார் என்றே நினைத்தேன். அந்த ஏழு நாளும் சோறு இறங்கவில்லை, தைத்த ரவிக்கைக்கு ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்தேன்.

மூன்றாவது வெள்ளி சாயங்காலம் மெசேஜ் வந்தது. முதலில் தகரத்தில் காற்று அடிக்கிற சத்தம். அப்புறம் தூரத்தில், ரொம்ப மெலிசாக, எங்கள் மாரியம்மன் கோயில் பாட்டு. அதற்குள்ளே கோழியைத் திட்டுகிற என் குரல். அதைக் கேட்டு அவர் சிரிக்கிறார்.

பிறகு சொன்னார்: "போன வாரம் லாரி வரல. தண்ணி அரை டிரம்முக்கு வந்துருச்சு. காலு நடக்கத்தான் பாத்துச்சு. இதப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்."