தேடல் பெட்டியில் தட்டிய பெயர்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விழுந்துபோன வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு மட்டும் ஒரு சொல்கூட வரவில்லை. காரைக்குடி செக்காலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருநாள் சொன்னார்: “சாரோட பழைய குரல் எதுலயாவது பதிவாயிருந்தா போட்டுக் காட்டுங்க. சில பேருக்கு அதக் கேட்டு வார்த்த வரும்.”

பள்ளத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த மனுஷன் வாட்ஸ்அப்பில்கூடக் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புகிற ஆள். ஆனால் மலேசியாவில் வேலை பார்த்தபோது ஒரே ஒரு தடவை ஈமெயிலில் தன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குள் அது எங்கேயோதான் கிடக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தேடத் தொடங்கினேன். தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டைத்தான் நீட்டுவேன். முதல் எழுத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தார். இந்த வயதில் என்ன வெட்கம் வேண்டிக்கிடக்கிறதோ. மீதியையும் தட்டினேன்.

கரண்ட் பில் வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது. யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து வந்தது. எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது, அவர் இல்லை.

அப்படியே பல மதியங்கள் போயின. ஃபேன் சுற்றும், வெளியே காரைக்குடி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகும், ஜன்னல் வெயில் என் கால்வரை வந்துவிட்டுப் பின்வாங்கும். ஒரு கடிதத்தைத் திறந்தால் அதற்குள்ளிருந்து இன்னொரு வருஷம் எழுந்து வரும். மகள் விடுதியிலிருந்து சோறு சரியில்லை என்று எழுதியது, ஊருணி நிறைந்த படம். பார்த்துக்கொண்டே கண் அயர்ந்துவிடுவேன். அந்த அரைத் தூக்கத்தில் அவர் ஓயாமல் பேசுவார். விழித்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

ஒருநாள் எரிச்சல் தாங்கவில்லை. இந்த ஈமெயில் புரோகிராமைப் போட்டுக் கொடுத்த மகளுக்கு நாலு வார்த்தை சூடாக எழுதலாம் என்று புதுக் கடிதம் திறந்தேன். என் முகவரிப் புத்தகத்தில் அவள் ‘அழுமூஞ்சி’. ‘அ’ என்று தட்டியதும் அழுமூஞ்சி வந்தாள். அவளுக்குக் கீழே இன்னொன்று வந்து நின்றது. ‘அவுக.’

புரோகிராமைப் போட்டுக் கொடுத்த அன்றைக்கு மகள் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அப்பா அட்ரஸுக்கு என்ன பேரு போடம்மா?”

“அவுகன்னு போடு.”

“நாளைக்கித் தேடுறப்ப எந்த அவுகன்னு தேடுவ?”

“எனக்கு ஒரே அவுகதேன், போடுடி.”

மலேசியாவில் அவர் எழுதியதெல்லாம் வேலையாட்கள் தங்கிய கேம்ப் ஆபீஸின் பொது முகவரியிலிருந்து. அவர் பெயர் அதில் கிடையாது. அறிவு கெட்டவளே, இத்தனை நாளாக யாரை யார் பெயரில் தேடிக்கொண்டிருந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். தேடல் பெட்டியில் ‘அவுக’ என்று தட்டினேன். வரிசையாக வந்தார். ஒன்றில் மட்டும், கூட ஏதோ இணைத்திருப்பதைக் காட்டும் ஊக்குப் படம் இருந்தது. திறந்து, சத்தத்தைக் கூட்டினேன்.

“என்ன, சாப்ட்டாச்சா? இங்குட்டு மழை விட்டபாடில்ல. பக்கத்துல யாருமில்லேல்ல? எம்பேர ஒரு தடவ சொல்லிப் பாரு. எனக்கா கேக்கப்போகுது, சும்மா சொல்லு.”

அப்போதும் நான் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. அவரைப் பார்த்தேன். குரலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த அந்த வலது கையை மெதுவாக நீட்டி, அனுப்பியவர் என்ற இடத்துக்கு நேராக விரலை வைத்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

“அ… வு… க.”

பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்து, புருவத்தை உயர்த்தி என்னைக் கேட்டார்.

“ஆமா, நீகதேன்” என்றேன். அவர் காதுக்குப் பக்கத்தில் போய் அவர் பெயரைச் சொன்னேன்.