‘என்ன தெரியுது?’ என்று கேட்டவர்

ஏழுமலை சார் காலமான செய்தி வந்தபோது என் எதிரே மயிலம் பக்கத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண்ணாடி பவர் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சாரின் மனைவி மல்லிகா, “வசந்தி, அவரு போயிட்டாரும்மா” என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவுக்கு இடது கண் பாக்கி இருந்தது. பார்த்து முடித்து, எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் சார் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார். அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் நானும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் சிரிக்காத முகம் என்பதால் முதல் நாளே எல்லோருக்கும் அவர் சார் ஆகிவிட்டார். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, மார்க் போதாமல், மாமா ஒருவர் சொன்னதைக் கேட்டு, கண்ணின் பவர் அளக்கும் ஆப்டோமெட்ரி படித்தவர். என் கதையும் அதுதான். அப்போது எங்கள் தொழிலுக்குக் கனவு கண்டு வந்தவர் யாரும் இல்லை. என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

அவர் பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர், “மாப்பிள்ளை கண்ணு டாக்டரு” என்று அளந்துவிட்டிருக்கிறார். இவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “டாக்டர் இல்லீங்க. பவர் பாத்துக் கண்ணாடிக்கு எழுதிக் குடுக்கறவன். ஆபரேஷன்லாம் எனக்குத் தெரியாது” என்றாராம். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். “பொய் சொல்ல வராத ஆளு, நம்பிக் கட்டிக்கலாம்னு அப்பவே நெனச்சேன்” என்று மல்லிகா சொல்வார். அந்த நம்பிக்கை ஒரே ஒருமுறைதான் பொய்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

“மொத வருஷம் பூரா ஓடிப்போவத்தான் வழி பாத்துக்கினு இருந்தேன்” என்று அவரே சொல்வார். அவரை நிறுத்தியது ஒரு கை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. திருவாமாத்தூரில் கண் பரிசோதனை முகாம். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாத ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சார் லென்ஸ் போட்டுவிட்டு, கையில் இருப்பதைப் பார்க்கச் சொன்னார். அவள் மடியிலிருந்து மல்லாட்டையை எடுத்து உரித்தாள். “ஐயையோ, புழு இருக்குதே! இத்தினி நாளா இதையா புள்ளைங்களுக்கு வறுத்துப் போட்டேன்?” என்று கத்தினாள். முகாமே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்பதையே கவனித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எனக்கு இந்த வேலையே போதும்மா” என்றார். அதன் பிறகு துபாயிலிருந்து வேலை வந்தபோதுகூட அவர் அசையவில்லை.

அதற்காக அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். மேல்மலையனூரில் ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்தபோது, வலது கண்ணில் போட்ட கறுப்பு மறைப்பை எடுக்க மறந்துபோய், இடது கண்ணையும் கையால் மூடிவிட்டார். லென்ஸை மாற்றி மாற்றி, “தெரியுதா? இப்ப தெரியுதா?” என்று கேட்கிறார். முழு இருட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெரியவர், “தெரியுதுங்க சார், நல்லா தெரியுதுங்க” என்கிறார். பக்கத்து மேஜையில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாருக்கு முகம் சுண்டிவிட்டது.

“தெரியுதான்னு கேட்டா நம்ம ஜனங்க தெரியுதுன்னுதாம்மா சொல்லும். நம்ம மனசு கோணக் கூடாதுன்னு சொல்லும். தப்பு அவங்க மேல இல்ல, நாம கேக்கறதுலதான்” என்றார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் ‘தெரியுதா?’ என்று கேட்டதே இல்லை. ‘என்ன தெரியுது?’ என்றுதான் கேட்பார். பிறகு திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்தபோதும் அதே கேள்விதான். மரக்காணம் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள்கூட, “அந்த ‘என்ன தெரியுது’ சாரு கடை எங்க?” என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மல்லிகா போன் செய்தார். “அவருக்குக் கண்ணு சரியில்ல வசந்தி. பொரைன்னு நெனைக்கிறேன். கேட்டா எரிஞ்சு விழறாரு. அந்தக் கண்ண வெச்சுக்கினு ஹைவேஸ்ல வண்டி ஓட்டறாரு. நீ வந்து பாத்துட்டுப் போ.” மறுநாளே அவர் கடைக்குப் போனேன். சார் தயாராக இருந்தார். பவர் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அவரையே உட்காரவைத்தேன். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை மடமடவென்று ஒப்பித்துவிட்டு, “பாத்தியா?” என்றார். வருஷக்கணக்காக அவர் மற்றவர்களைப் படிக்கச் சொன்ன எழுத்துகள் அவை; பார்க்காமலே சொல்வார். பொய் சொல்ல வராதவர் பொய் சொன்னது அன்று மட்டும்தான்.

அவரை வாசலுக்குக் கூட்டிவந்தேன். எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு கடைக்கு அன்றுதான் போர்டு மாட்டியிருந்தார்கள். “அந்த போர்டுல என்ன தெரியுது சார்?”

கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். “தெரியுதும்மா” என்றார்.

“தெரியுதான்னு நான் கேக்கல சார்.”

உள்ளே போய் உட்கார்ந்தார். “பயமா இருக்குதும்மா” என்றார். “எத்தினி பேர வெரட்டி வெரட்டி ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கேன். எறும்பு கடிச்சா மாதிரிகூட இருக்காதுன்னு சொல்லிக்கினே இருப்பேன். எனக்குன்னு வந்தா அந்தப் பேச்சு வாயில வரல. ஏதாவது ஆயிட்டா இந்த வேலை போயிடும். இத உட்டா எனக்கு என்னா தெரியும், சொல்லு.” நானும் அதே தொழிலில் இருப்பவள். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இருக்குமா?

மறுவாரம் ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை என் கையை விடவில்லை. “உள்ள வெக்கிற லென்ஸ் பவர நீயும் ஒரு தபா பாத்துடும்மா” என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது. கட்டுப் பிரித்துத் தன் கடைக்கு வந்தவர், சுவரைப் பார்த்ததும் திடுக்கிட்டார். வெள்ளை அடிக்கச் சொன்னால் மஞ்சள் அடித்துவிட்டாய் என்று முந்தின பொங்கலுக்குப் பெயின்டரைப் பிடித்துக் கண்டபடி திட்டியிருந்தாராம். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது; மஞ்சள் அவர் கண்ணில் இருந்த புரை. கூட்டேரிப்பட்டுக்குப் போய் அந்த பெயின்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குக் கண் பார்த்தார்.

போன வாரம் அவரை மருத்துவமனையில் பார்த்தேன். இதயம் பலவீனமாகி, பேச்சு குறைந்திருந்தது. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். ஒவ்வொருவரும் குனிந்து, “யாரு வந்துக்கிறாங்க பாருங்க, தெரியுதா?” என்றார்கள். எல்லோருக்கும் தலையை ஆட்டினார். எனக்கும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. காதருகே போய், “என்ன தெரியுது சார்?” என்று கேட்டேன்.

கண்ணை நன்றாகத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். “கண்ணாடி கோணலா இருக்குதும்மா. சரி பண்ணிக்கோ” என்றார்.

அங்கேயே சரிசெய்துகொண்டேன். மல்லிகா சிரித்தார், பிறகு அழுதார், நானும்தான். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். இன்று காலை என்னிடம் கண் பார்க்க முதலில் வந்தவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “நல்லா தெரியுதுங்க மேடம்” என்றார். கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, “என்ன தெரியுதுங்க?” என்று கேட்டேன்.