அண்ணர் ஏற்றுக்கொண்ட ஒன்றரை மணி நேரம்

எங்கள் அண்ணர் சிவபதமடைந்து இன்று முப்பத்தொரு நாள். உடன்பிறந்தார் ஐவரில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே ஆகையால், இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்வை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒரு விடயத்தைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை.

அண்ணர் சுன்னாகத்தில் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையாரை இழந்தார். பத்தொன்பதில் கொழும்புக்கு வந்து, புதுக்கடையில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் முப்பத்தாறு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தார். முறிந்துபோன கம்பெனிகளைக் கலைக்கும் வழக்குகளே அவருக்கு அதிகம். வெள்ளவத்தை வீட்டில் அவர் வைத்திருந்த குறிப்பேட்டில் இடப்பக்கம் இலங்கைச் சட்டம், வலப்பக்கம் இந்தியச் சட்டம். இரண்டும் ஆங்கிலேயர் சட்டத்தைப் பார்த்து எழுதியவை. ஆனாலும் ஒன்றல்ல என்பார். கம்பெனி கலையும்போது மற்றக் கடன் கொடுத்தோருக்கு முன்னதாக ஊழியரின் நிலுவைச் சம்பளத்தைக் கொடுக்க இரண்டுமே இடம் தருகின்றன. இங்கே நான்கு மாதம்வரை. அங்கே இரண்டு மாதம்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கும் தறுவாயில், சென்னையில் பதிவான ஒரு பித்தளைப் பாத்திரக் கம்பெனி முறிந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அது சரக்கு வைத்திருந்த கிட்டங்கியில் இருபத்தாறு ஊழியர். நான்கு மாதச் சம்பளம் நிலுவை. சரக்கு கப்பலேறினால் அவர்கள் சென்னைக்கு எழுதி, இரண்டு மாதச் சம்பளத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அண்ணரின் பிரக்கிராசியார் அவர்களுக்காக இங்கே மனுப் போட்டுத் தடை உத்தரவு வாங்கினால் நான்கும் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை சரக்கைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகக் கிட்டங்கி வாயிலில் முப்பத்துநான்கு மாட்டு வண்டிகள் நின்றன.

“கம்பெனி எங்க ஊர்ல பதிஞ்சதுங்க. கேக்கிறதை அங்க வந்து கேளுங்க,” என்றார் சென்னை ஏஜண்டு.

“கிட்டங்கி கொட்டாஞ்சேனையிலைதானே நிக்குது. ஏலுமெண்டால் அதையும் தூக்கி வண்டியிலை வையுங்கோ,” என்றார் அண்ணர்.

மனுவோடு சேர்க்க ஊழியர் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசிகளை அவர் என்னிடம் தந்தார். “தம்பி, ரிக்‌ஷாவிலை போ. பிரக்கிராசியார் கோட்டிலை பாத்துக்கொண்டு நிக்கிறார். எங்கையும் மினைக்கெடாதை.”

நான் புதுக்கடை நீதிமன்றத்தை அடைந்தபோது பத்து மணி முப்பத்திரண்டு நிமிடம். வெள்ளியன்று பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அந்த வேளையில் கொடுக்கும் மனு தோற்றுவிடும் என்று அஞ்சி, எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்துவிட்டேன். மூன்று தேத்தண்ணி குடித்தேன். பன்னிரண்டு அடித்த பின்பே உள்ளே போனேன்.

உத்தரவோடு திரும்பியபோது பதினைந்து வண்டிச் சரக்கு கப்பலேறிவிட்டது. அண்ணர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

“ஏன் பிந்தினனீ?”

“ராகுகாலம் கழியட்டும் எண்டு இருந்தனான், அண்ணை.”

“கப்பல்காரனுக்கு ராகுகாலம் இல்லையடா,” என்றார்.

கிட்டங்கிப் பொறுப்பாளர் அந்தோனிப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “நாலு மாசம் எண்டு சொன்னியள், ஐயா. உங்கடை சட்டம் இந்த மாடுகளைவிட மெல்ல நடக்குது.”

“பிழை என்ரைதான். நான்தான் பிந்திப்போனன்,” என்றார் அண்ணர்.

எஞ்சிய சரக்கை விற்றதில் இரண்டரை மாதச் சம்பளமே தேறியது. அதன் பின் கொட்டாஞ்சேனையில் அவரைப் ‘பிந்தின ஐயா’ என்றார்கள். அந்தத் தெருவால் அவர் போவதை நிறுத்தவுமில்லை; என் பெயரைச் சொல்லவுமில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக நீரிழிவால் ஐம்பத்திரண்டு நாள் படுக்கையில் இருந்தார். ஒரு பிற்பகல், “அண்ணை, கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு உண்மையைச் சொல்லப்போறன்,” என்றேன்.

“சொன்னால் ஒண்டரை மாசச் சம்பளம் வருமோ? பேசாமல் இரு.”

இதை எழுதுவதால் அவர் சொல்லை இரண்டாம் முறையாக மீறுகிறேன்.

இறுதிவரை வந்து பார்த்த வைத்தியருக்கும், உணவு கொண்டுவந்த மூன்று அயல் வீட்டாருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து அண்ணரின் பாடைக்குத் தோள் கொடுத்த ஒன்பது பேருக்கு நன்றி மட்டும் போதாது. அன்று பிந்தியவன் நான். இம்மலரின் இருபத்தாறு பிரதிகளை, உயிரோடிருப்போருக்கும் இல்லாதோர் வீட்டாருக்கும் நானே கொண்டுவருகிறேன். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.